வெள்ளைக் காகிதச் சங்கம்

ஷான்சி மாகாணத்தில் ஹோங்தோங் என்றொரு ஊர். அங்கே ஹுவோ மலையடிவாரத்தில் ஓர் ஊற்று. ஊற்றங்கரையில் நீர்த்தெய்வத்துக்கு ஒரு கோவில். அதன் உட்சுவரில் 1324ஆம் ஆண்டு தீட்டிய ஓவியம் ஒன்றில் தெய்வத்தைக் காணோம். ஒரு நாடகக் குழு வரிசைகட்டி நிற்கிறது. முகத்தில் சாயம், கையில் வாள், விசிறி. பின்வரிசையில் மேளமும் குழலும். தொங்குதிரையை விலக்கிக்கொண்டு ஓர் ஆள் எட்டிப் பார்க்கிறார். மேலே கட்டிய துணியில், ஜோங்தூ ஷியோ என்ற கலைஞர் இவ்விடத்தில் ஆடினார் என்று எழுதியிருக்கிறது. நடுவில் சிவப்பு அங்கியோடு நிற்பவர்தான் அவர், ஆண்வேடம் கட்டிய பெண் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அதே மண்டபத்தின் மற்றச் சுவர்களில் ஒருவர் மீனை நிறுத்து விற்கிறார், இருவர் சதுரங்கம் ஆடுகிறார்கள், மழை வேண்டி ஒருவர் மண்டியிட்டிருக்கிறார்.

சீன நாடக வரலாறு எழுதுகிறவர்கள் இந்தச் சுவரைத் தொடாமல் போவதில்லை. எனக்கு இதில் வேறொரு கேள்வி. இந்தக் கூத்துக்கு யார் காசு கொடுத்தார்கள்?

சீனத்துப் பழைய கோவில்களில் மேடை சன்னதியைப் பார்த்தபடி இருக்கும். கூத்து தெய்வத்துக்காக நடப்பது. ஊர்மக்கள் இடையில் நின்று, தெய்வத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பார்ப்பார்கள். அதை யாரும் குற்றமாக எடுத்துக்கொண்டதில்லை. ஹோங்தோங்கில் அந்தச் செலவு தண்ணீரிலிருந்து வந்தது. ஹுவோ ஊற்றின் நீரை வாங்கிப் பயிர் செய்த ஊர்களெல்லாம் தத்தம் நீர்ப்பங்குக்கு ஏற்பத் திருவிழாச் செலவை ஏற்றன. ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒரு தலைவர், அவருக்குக் கீழே கிளைவாய்க்கால் பார்க்கும் ஆட்கள், யாருக்கு எத்தனை நாள் தண்ணீர் என்று எழுதிய வாய்க்கால் பதிவேடு. மூன்றாம் சந்திர மாதம் பதினெட்டாம் நாள் தெய்வத்தின் பிறந்தநாள். அன்று பலி, கூத்து, சந்தை. 1303இல் வந்த பெரும் நிலநடுக்கம் அந்த வட்டாரத்தையே தரைமட்டமாக்கியது. கோவிலும் விழுந்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே அதை எடுத்துக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். பக்தி ஒரு காரணம். கோவில் இல்லாவிட்டால் தண்ணீரைப் பங்கிட ஓர் இடம் இல்லை என்பது இன்னொரு காரணம்.

பங்கீட்டுக்கு ஒரு கதை உண்டு. ஊற்று நீருக்கு இரண்டு மாவட்டங்கள் உரிமை கொண்டாடின: ஹோங்தோங், ஜாவ்செங். தலைமுறை தலைமுறையாக அடிதடி. கடைசியில் ஒரு கொப்பரையில் எண்ணெயைக் கொதிக்கவைத்துப் பத்துக் காசுகளைப் போட்டார்களாம். எந்தப் பக்கத்து ஆள் எத்தனை காசை எடுக்கிறானோ அந்தப் பக்கத்துக்கு அத்தனை பங்கு. ஜாவ்செங்கின் இளைஞன் கையைவிட்டு ஏழு காசை அள்ளினான். அன்றுமுதல் ஜாவ்செங்குக்கு ஏழு, ஹோங்தோங்குக்கு மூன்று. கையைக் கொடுத்தவனுக்கு ஊற்றருகே ஒரு சிறு கோவில் இருக்கிறது. கதை கட்டுக்கதையாகவே இருக்கட்டும். பங்கு கட்டுக்கதை இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஊற்று வாயிலில் பதினோரு இரும்புத் தூண்களை நட்டார்கள். பதினோரு தூணுக்கு நடுவே பத்து இடைவெளி: ஏழு வழியாகப் போகும் நீர் வடக்கே, மூன்று வழியாகப் போவது தெற்கே. எப்படி நட்டார்கள் என்பதைப் படத்தோடு கல்லில் வெட்டிவைத்தார்கள். இவ்வளவு செய்தும் மனம் ஆறவில்லை. தண்ணீர்ப் பகையால் இரண்டு மாவட்டத்தாரும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதில்லை என்று பழைய பதிவொன்று சொல்கிறது.

சீனாவில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு வட்டார வரலாற்று நூல் உண்டு. ஃபாங்ஜி என்பார்கள். 1949க்கு முந்தியவை மட்டுமே எட்டாயிரத்துக்கும் மேல் தப்பிப் பிழைத்திருக்கின்றன. உலகில் வேறெந்த நாட்டுக்கும் இப்படியொரு செல்வம் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். மாவட்ட அதிகாரியின் ஆணையில் உள்ளூர்ப் படிப்பாளிகள் தொகுத்தவை இவை. மலை, ஆறு, வரி, விளைச்சல், அரசுத் தேர்வில் தேறியவர்கள், மறுமணம் செய்யாத கைம்பெண்கள் என்று அத்தியாயம் அத்தியாயமாகப் போகும். கோவில்களுக்கும் ஓர் அத்தியாயம் இருக்கும்: பெயர், மாவட்டத் தலைநகரிலிருந்து எவ்வளவு தூரம், எந்த ஆண்டு கட்டியது. பெரும்பாலும் அவ்வளவுதான். வாய்க்கால் வெட்டியவன், மேளக்காரன், மீன் நிறுத்தவன், பத்துக் காசு நன்கொடை கொடுத்த எண்ணெய்க் கடைக்காரன் யாரும் அதில் வரமாட்டார்கள். அவர்கள் இருப்பது கோவில் வாசலில் நிற்கும் கற்பலகைகளின் பின்பக்கத்தில். முன்பக்கம் ஒரு படிப்பாளி அழகான பழஞ்சீனத்தில் தெய்வத்தின் பெருமையைப் பாடியிருப்பார். கல்லைச் சுற்றிப் பின்னால் போனால் பொடி எழுத்தில் பெயர், பெயர், பெயர். பெயருக்குக் கீழே தொகை. நெடுங்காலம் ஆய்வாளர்கள் முன்பக்கத்தை மட்டுமே படியெடுத்தார்கள். பின்பக்கத்தைப் படிக்கத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான்.

இங்கே ஒரு தடங்கல். ஹோங்தோங்கின் நீர்த்தெய்வம் தாவோ மதத்தைச் சேர்ந்ததா? பக்கத்திலேயே ஒட்டினாற்போலப் பெரிய பௌத்த மடம் இருக்கிறது. ஊர்க்காரரிடம் இதைக் கேட்டிருந்தால் கேள்வியே புரிந்திருக்காது. கோவில் ஊருடையது, சடங்குக்குத் தாவோ பூசகரை அழைப்பார்கள், சாவுக்குப் பௌத்தத் துறவியை அழைப்பார்கள், கல்லில் எழுதக் கன்பூசியம் படித்தவரை அழைப்பார்கள். தமிழில் தாவோவை நாம் அறிந்த வழி வேறு. சி. மணியின் மொழிபெயர்ப்பில் ‘தாவோ தே ஜிங்’ படித்தவர்களுக்குத் தாவோ என்றால் மௌனம், நீர், வெறுமை, சும்மா இருத்தல். அந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சீனக் கோவில் திருவிழாவுக்குள் நுழைந்தால் தலை சுற்றும். பட்டாசு, ஊதுவத்திப் புகை, பன்றித் தலை, தாரை தப்பட்டை, வசூல் நோட்டு. இரண்டும் ஒரே மதந்தானா என்று ஐயம் வரும். ஒரே மதம்தான். அந்த நூலை எழுதியதாகச் சொல்லப்படும் லாவோ ட்சு அங்கே தெய்வமாகவும் இருக்கிறார். ஆனால் அவரிடம் யாரும் தத்துவம் கேட்டு வருவதில்லை.

தாவோ பூசகர்களில் இரண்டு வகை. சுவான்ஜென் பிரிவினர் மடத்தில் துறவிகளாக வாழ்பவர்கள். ஜெங்யி பிரிவினர் ஊருக்குள் மனைவி மக்களோடு வாழ்ந்து, கையெழுத்துச் சுவடிகளைத் தகப்பனிடமிருந்து மகனுக்கு விட்டுச்செல்பவர்கள். ஊர்க் கோவில்களின் சடங்கை நடத்தியவர்கள் பெரும்பாலும் இரண்டாம் வகையினர். கல்விக்கூடங்கள் அவர்களை மந்திரவாதி என்று ஒதுக்கிவைத்திருந்தன. 1960களில் டச்சு அறிஞர் கிறிஸ்டோஃபர் ஸ்கிப்பர் தைவானின் தைனான் நகரத்தில் இப்படிப்பட்ட பூசகர் குடும்பங்களில் தங்கிப் பாடம் கேட்டு, தாமே பூசகராகத் தீட்சை பெற்றார். அவர்கள் ஓதுவது 1445இல் மிங் அரசு அச்சிட்ட தாவோ திருநூல் தொகுப்போடு தொடர்புடையது, செத்துப்போன மரபு என்று நூலகங்களில் நினைத்தது உயிரோடு இருக்கிறது என்று காட்டினார்.

அந்தச் சடங்குகளில் பெரியது ஜியாவ். ஊர் முழுவதற்குமான காணிக்கை. கோவிலைப் புதுப்பித்தபோதும், கொள்ளைநோய் வந்து போனபின்பும், சில ஊர்களில் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறையும் நடக்கும். வெளியே கூத்தும் விருந்தும். உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு பூசகர்கள் விண்ணுலக அலுவலகங்களுக்கு மனு எழுதுகிறார்கள். ஆம், மனுவேதான், அரசாங்க நடையில், முத்திரையோடு, இன்ன மாகாணம் இன்ன மாவட்டம் இன்ன ஊர் என்று முகவரி தொடங்கி. அதில் முக்கியம் பெயர்ப்பட்டியல். காசு கொடுத்த குடும்பம் ஒவ்வொன்றின் பெயரும் வர வேண்டும். பட்டியலை ஊர் பார்க்கும்படி கோவில் சுவரில் ஒட்டுவார்கள். ஒட்டியதும் கூட்டம் முட்டும், தன் பெயர் இருக்கிறதா, எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா என்று. பிழையோடு போனால் மேலே வேறு ஆளுக்கு அருள் போய்விடாதா? பிறகு பூசகர் மனுவை உரக்கப் படித்து நெருப்பில் இடுவார். அந்த ஊரில் எழுதப்பட்டவற்றிலேயே முழுமையான குடிக்கணக்கு அதுதான். அது சாம்பலாகப் போவதற்கென்றே எழுதப்பட்டது. வரலாற்றாசிரியனுக்கு வயிறு எரியும். எழுதியவர்களுக்கோ அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

நகரங்களில் இந்த அலுவலகக் கற்பனை இன்னும் விரிந்தது. மதிலுள்ள ஊர் ஒவ்வொன்றுக்கும் ஒரு நகர்க்காவல் தெய்வம். செங்ஹுவாங் என்று பெயர். சொல்லுக்குப் பொருளே ‘மதிலும் அகழியும்’. இந்தக் கோவில்களைப் பெரும்பாலும் தாவோ பூசகர்கள் பார்த்துக்கொண்டார்கள். மிங் வம்சத்தை நிறுவிய ஜூ யுவான்ஜாங் 1369இல் இந்தத் தெய்வங்களுக்குப் படிநிலைப்படி பட்டங்கள் வழங்கினார். மறு ஆண்டே மனம் மாறி எல்லாப் பட்டத்தையும் பறித்து, சிலைகளை நீக்கிப் பெயர்ப்பலகை மட்டும் வைக்கச் சொன்னார். மக்கள் நாளடைவில் சிலைகளைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். ஷாங்ஹாயின் செங்ஹுவாங் சின் யூபோ என்ற அறிஞர். ஜூ யுவான்ஜாங் அழைத்தபோது முதலில் பலமுறை பதவிக்கு வர மறுத்தவர். உயிரோடு இருக்கையில் எனக்குப் பணி செய்யவில்லை, செத்த பிறகாவது என் மண்ணைக் காக்கட்டும் என்று பேரரசர் அவரைத் தெய்வமாக நியமித்தார் என்பது வழக்கு. சீன அரசிடமிருந்து செத்தும் தப்ப முடியாது!

புதிதாக வரும் மாவட்ட அதிகாரி பதவியேற்குமுன் செங்ஹுவாங் முன்னால் உறுதிமொழி எடுக்க வேண்டும். பகலில் அவர் ஆட்சி, இரவில் இவர் ஆட்சி. இருவரும் சக ஊழியர்கள். மழை பொய்த்தால் அதிகாரி விரதம் இருந்து தெய்வத்திடம் கேட்பார். அப்போதும் பெய்யாவிட்டால் சில ஊர்களில் தெய்வத்தைத் தூக்கிவந்து வெயிலில் உட்காரவைத்துவிடுவார்கள், வெக்கை என்றால் என்ன என்று அதுவும் தெரிந்துகொள்ளட்டும் என்று.

பெய்ஜிங்கின் கிழக்கு வாயிலுக்கு வெளியே தோங்யுவே கோவில். கிழக்கு மலைத் தெய்வத்தினுடையது. ஜாங் லியூசுன் என்ற தாவோ குரு 1319இல் தொடங்கிய பணி. முடித்தவர் அவருடைய சீடர் வூ சுவான்ஜியே. முற்றத்தைச் சுற்றி 76 அறைகள். ஒவ்வொன்றும் எமலோகத்தின் ஒரு துறை: ஆயுளுக்கு ஒன்று, திருட்டுக்கு ஒன்று, பொய்சாட்சிக்கு ஒன்று என்று. துறைக்கொரு நீதிபதி, குமாஸ்தாக்கள், சேவகர்கள், எல்லாம் சுதைச் சிற்பம். இந்தக் கோவிலுக்கு நகரத்தார் சங்கம் சங்கமாகச் சேர்ந்து தொண்டு செய்தார்கள். சிலைகளின் தூசி தட்ட ஒரு சங்கம், தூபக்கலங்களைத் துலக்க ஒரு சங்கம். எனக்குப் பிடித்தது வெள்ளைக் காகிதச் சங்கம். 76 துறைகளின் குமாஸ்தாக்களுக்கும் எழுதுவதற்குக் காகிதமும் கணக்கேடும் வாங்கிக் கொடுப்பது அதன் பணி. தங்கள் பாவங்களை எழுதிவைப்பதற்குத் தாங்களே காகிதம் வாங்கிக் கொடுத்த மக்கள்! பயமா, பகடியா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. கணக்கு ஒழுங்காக எழுதப்பட வேண்டும் என்பதில் அவர்களுக்கு அக்கறை இருந்தது. மண்ணுலகக் கச்சேரியில் அந்த ஒழுங்கைக் கண்டிருந்தால் இவ்வளவு காகிதம் செலவாகியிருக்காது.

கோவில் முற்றத்தில் இத்தகைய சங்கங்கள் நட்ட கற்கள் நிறைய நிற்கின்றன. மிங், சிங் காலப் பெய்ஜிங் கோவில்களைப் பற்றி 2000இல் பெரிய நூல் எழுதிய சூசன் நாக்கின் இதைத்தான் வற்புறுத்துகிறார்: மன்றமோ சதுக்கமோ இல்லாத அந்தத் தலைநகரில் மக்கள் கூடுவதற்குக் கிடைத்த பொது இடம் கோவில். தொழிலாளர் சங்கம் கூடியது அங்கே, வணிகர்கள் கூலியும் எடையும் பேசித் தீர்த்தது அங்கே. வீட்டுப் படி தாண்டக் கூடாத பெண்கள் குற்றம் சொல்ல முடியாதபடி வெளியே வந்ததும் அங்கேதான்.

கோவிலை இப்படிக் கொண்டாடிவிட்டு நிறுத்தினால் அது பொய். திருவிழா வரி விருப்பம் இல்லை, கட்டாயம். ஊரில் இருப்பவன் தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தாக வேண்டும், கொடுக்காதவன் ஊரானில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறிஸ்தவர்களானவர்கள் கூத்துக்கும் பலிக்கும் காசு தர மாட்டோம் என்றார்கள். 1860களில் சிங் அரசு மிஷனரிகளின் வற்புறுத்தலால் அவர்களுக்கு விலக்கு அளித்தது. வட சீனக் கிராமங்களில் அது புண்ணாக உள்ளே இருந்தது. மழைக்காகத்தானே கூத்து; அவன் காசும் தராமல் அவன் வயலிலும் மழை பெய்யலாமா? 1900இல் கிறிஸ்தவர்களுக்கும் வெளிநாட்டாருக்கும் எதிராகக் குத்துச்சண்டையர் கலகம் வெடித்தபோது அது வறட்சி ஆண்டு. கலகத்துக்குக் காரணங்கள் பல. கூத்து வரியும் அவற்றில் ஒன்று.

அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் தலைநகரத்தில் வேறொரு தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. 1898 ஜூலையில், சீர்திருத்தவாதி காங் யோவெய்யின் யோசனைப்படி, அரசு வழிபாட்டுப் பட்டியலில் இல்லாத கோவில்களைப் பள்ளிக்கூடங்களாக மாற்றச் சொல்லி ஆணை வந்தது. அதே ஆண்டு ஜாங் ஜிதோங் என்ற பெரிய அதிகாரி தம் நூலில் கணக்கே போட்டுக்கொடுத்தார்: பத்துக்கு ஏழு கோவில்கள் பள்ளிக்கு, மூன்று துறவிகளுக்கு. ஹோங்தோங் தண்ணீரின் அதே பங்கு. இந்த முறை எண்ணெய்க் கொப்பரையில் கைவிட யாரும் முன்வரவில்லை. சீர்திருத்தம் நூறு நாளில் கவிழ்ந்தாலும் யோசனை நிலைத்தது. அடுத்த பத்தாண்டில் கோவில் நிலம், கோவில் வருமானம், கோவில் கட்டடம் எல்லாம் பள்ளிக்கும் காவல்துறைக்கும் போய்க்கொண்டே இருந்தன. இவர்களைக் கொடியவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஜப்பானிடம் தோற்ற நாடு, பள்ளி வேண்டும், பணம் இல்லை. கண்ணெதிரே ஊருக்கு ஊர் கட்டடம் நிற்கிறது. அவர்கள் பார்க்கத் தவறியது அந்தக் கட்டடத்துக்குள் ஒரு நிர்வாகம் இருந்ததை. அதை எடுத்துவிட்டால் வாய்க்காலை யார் பார்ப்பது என்று யோசிக்கவில்லை.

‘மதம்’, ‘மூடநம்பிக்கை’ என்று பிரித்துச் சொல்லச் சீன மொழியில் அதுவரை சொற்களே இல்லை. இரண்டும் அந்த ஆண்டுகளில் ஜப்பான் வழியாக வந்தவை. 1928இல் தேசியவாத அரசு அந்தச் சொற்களைக் கொண்டு தெய்வங்களைத் தரம் பிரித்தது. எதை வைத்துக்கொள்ளலாம், எதை ஒழிக்க வேண்டும் என்று அதிகாரபூர்வமான பட்டியல். லாவோ ட்சு தேறிவிட்டார். செங்ஹுவாங்கும் மழை தரும் டிராகன் அரசனும் தோற்றுவிட்டார்கள். தத்துவம் இருந்தால் மதம். ஊர் இருந்தால் மூடநம்பிக்கை. தாவோ என்றால் மௌனம் என்று இருந்த நானும் அறியாமலே அந்தப் பட்டியலில் கையெழுத்துப் போட்டவன்தான்.

பிறகு நடந்தது நாம் அறிந்த கதை. பண்பாட்டுப் புரட்சியில் ஷாங்ஹாய் செங்ஹுவாங் கோவில் மூடப்பட்டது. 1990களில்தான் மீண்டும் வழிபாட்டுக்கு வந்தது. தோங்யுவே கோவில் அலுவலகங்களுக்குப் போய், பின்னர் நாட்டார் வழக்காற்று அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 76 துறைகளும் புதுச் சாயத்தோடு நிற்கின்றன. ஹோங்தோங்கும் ஜாவ்செங்கும் 1954இல் ஒரே மாவட்டமாக இணைக்கப்பட்டன. எந்தத் தெய்வத்தாலும் செய்ய முடியாத சம்பந்தத்தை ஓர் அரசாணை செய்துமுடித்தது.

1980களுக்குப் பின் கோவில்கள் திரும்பி வந்தன. பல ஊர்களில் முதியோர் சங்கம் என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் வந்தன. ஷான்சியிலிருந்து மஞ்சள் ஆற்றைத் தாண்டினால் ஷென்சி. அதன் வடபகுதியில் யூலின் வட்டாரத்தில் லோங்வாங்கோ என்ற பள்ளத்தாக்கில் கறுப்பு டிராகன் அரசனுக்கு ஒரு கோவில் இருக்கிறது. பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் இடித்ததை ஊர்க்காரர்கள் மறுபடி கட்டினார்கள். 1990களில் அங்கே தங்கி ஆராய்ந்த ஆடம் சாவ் என்ற மானுடவியலாளர் 2006இல் அதைப் பற்றி நூல் எழுதியிருக்கிறார். குறி கேட்க வருபவர்கள் போட்ட உண்டியல் பணத்தில் கோவில் முதலில் மொட்டை மலைகளில் மரம் நட்டது. 1988இல் அது மரத்தோட்டமாகப் பதிவானது. அதைப் பார்க்க அதிகாரிகளும் வெளிநாட்டாரும் வந்தார்கள். பிறகு கோவில் ஒரு தொடக்கப்பள்ளி கட்டியது. கோவிலை எடுத்துப் பள்ளியாக்கு என்று ஆணை வந்து நூறு ஆண்டு ஆவதற்குள், ஒரு கோவில் தன் காசில் பள்ளி நடத்திக்கொண்டிருந்தது.

அரசின் ஏட்டில் ஐந்து மதங்களுக்குத்தான் இடம்: பௌத்தம், தாவோ, இஸ்லாம், கத்தோலிக்கம், புராட்டஸ்டண்ட். கறுப்பு டிராகனுக்கு என்று ஆறாவது பத்தி கிடையாது. 1998இல் லோங்வாங்கோ கோவில் தாவோ மதத் தலமாகப் பதிவுசெய்யப்பட்டது.